புளிப்பும் தேனும்

லேவியர் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு விந்தையான கட்டளை உண்டு. ஆண்டவருக்கு எரிக்கப்படும் பலியில் புளிப்பு மாவும் கூடாது, தேனும் கூடாது. வளமான நாட்டின் அடையாளமாகிய தேன் ஏன் புளிப்போடு சேர்த்து விலக்கப்பட்டது? விளக்கம் கூறுவோர் பல காரணங்களைச் சொல்வர். தேனும் புளிக்கக்கூடியது என்பது அவற்றுள் ஒன்று.

மலரிலிருந்து தேனீ கொணரும் மதுவில் நீரே மிகுதி. கூட்டிலுள்ள ஈக்கள் சிறகால் விசிறி அந்நீரை வற்றச் செய்கின்றன. பக்குவமான பின்னரே அறையை மெழுகால் மூடுகின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரும் பூஞ்சை வித்துகளும் மலரிலிருந்தும் காற்றிலிருந்தும் தேனில் வந்து சேரவே செய்யும். நன்கு வற்றிய தேனில் அவை பெருக இயலாமல் உறங்கிக் கிடக்கும். தேனில் பொதுவாக 100க்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருக்கலாகாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. ஈரம் மிகுந்தால் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும், நுரை கட்டும், புளித்த வாடை வீசும். மேற்பரப்பில் பூஞ்சை படரவும் கூடும். ஆகவே குற்றம் ஈஸ்டினுடையது அன்று. மூடாத அடையைப் பிழிந்த அவசரமும், ஈரம் உலராத பாத்திரமுமே அதற்கு வழி திறக்கின்றன.

திருமுருகன்பூண்டியில் சிற்பியரின் உளியோசையும் பின்னலாடைத் தொழிலின் பரபரப்பும் அருகருகே கேட்கும். இவ்வட்டாரப் பனியன் கம்பெனிகளின் செக்கிங் பகுதியில் நம் சகோதரிகள் ஒவ்வோர் ஆடையையும் விரித்து, எண்ணெய்க் கறையையும் விட்டுப்போன தையலையும் தேடி ஒதுக்குகின்றனர். கடல் கடந்த நாட்டில் முகமறியாத ஒருவர் அணியப்போகும் ஆடை அது. அந்த அக்கறை போற்றத்தக்கது. ஆனால் வேலை முடிந்து திரும்பும் அதே சகோதரி தம் பிள்ளைக்கு வாங்கும் தேனை அவருக்காக விரித்துப் பார்ப்பவர் யார்?

2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏற்றுமதித் தேனுக்கு என்.எம்.ஆர். என்னும் நுட்பமான சோதனை கட்டாயமாக்கப்பட்டது. உள்நாட்டில் விற்கும் தேனுக்கு அன்று அக்கட்டாயம் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தன் ஆய்வை வெளியிட்டது. சோதித்த 13 நிறுவனங்களின் தேனில் மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின என்றும், சர்க்கரைப் பாகு கலக்கப்படுகிறது என்றும் அது கூறியது. பெரிய நிறுவனங்கள் மறுத்தன. வழக்கு எதுவாயினும், அயலாருக்கு ஒரு தராசு, நம்மவருக்கு மற்றொன்று என்னும் நிலை நம் மனச்சான்றை உறுத்த வேண்டாமா? இருவேறு எடைக்கற்களை ஆண்டவர் வெறுக்கிறார் என்று நீதிமொழிகள் நூல் எச்சரிக்கிறது.

காட்டில் தேனெடுக்கும் ஏழையைக் குற்றவாளியாக்கலாமா எனச் சிலர் கேட்கலாம். கூடாது. மழைக்காலத் தேன் இயல்பாகவே ஈரம் மிக்கது. உறைந்த தேனும் கலப்படம் அன்று. அறியாமல் நேர்வது பிழை. புளித்ததை அறிந்தும், காய்ச்சி நுரையடக்கி, நல்லதென்று விற்பதே பாவம். எனினும் அறியாமையிலேயே நின்றுவிட நமக்கு உரிமையில்லை. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுவது நம் குடும்பங்களில் அன்பின் வழக்கம். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும் என்பதால், ஓராண்டு நிறையும் முன் தேன் தரலாகாது என மருத்துவர் கூறுகின்றனர். அன்பும் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது.

விற்பவரிடம் அடை மூடியிருந்ததா எனக் கேட்போம். மலிவு ஒன்றையே தேடிப் பேரம் பேசுவதை விடுவோம். நாம் விற்பவராயின், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாததற்கும் நாமே பொறுப்பேற்போம். பரிசேயரின் புளிப்பு மாவு வெளிவேடமே என்றார் ஆண்டவர். மூடியின்மேல் ஒட்டிய அழகிய தாளும் அவ்வேடம் ஆகலாம். பக்குவமாகாத எதையும் தேனீ மூடி முத்திரையிடுவதில்லை. பாஸ்கா இரவில் அதன் மெழுகை ஏந்தி நிற்கும் நாம், நம் கைவேலையின்மேல் எதை மூடி முத்திரையிடுகிறோம்?