ஒரு மணி நேரம் சலுகையா?

மூன்று மணி நேரத் தேர்வு. ஒரு மாணவருக்கு மூன்று மணி. பக்கத்து அறையில், பார்வையிழந்த இன்னொருவருக்கு நான்கு மணி. அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் உண்டு. மணிக்கு 20 நிமிடம் வீதம் ஈடுநேரம் தரப்பட வேண்டும் என்று 2018ஆம் ஆண்டில் நடுவணரசு வகுத்த வழிகாட்டு நெறிகள் கூறின. "இது எப்படி நீதியாகும்? தேர்வென்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானே?" என்று கேட்கிறார் நண்பர் ஒருவர். கெட்ட எண்ணத்தோடு கேட்பவரல்லர்; நன்கு கற்றவர். ஆகவேதான் அவருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

"பாவம், இரக்கம் காட்டுவோம்" என்று விடை கூறுவோர் உளர். அவ்விடை எனக்கு உடன்பாடன்று. இரக்கம் கொடுப்பவன் மனநிலையைப் பொறுத்தது. இன்று கனியும், நாளை காயும். மேலும், நம் நாட்டில் அது தனியே வருவதில்லை. முன்வினை என்னும் மூடக்கதையின் முதுகிலேறி வருகிறது. "போன பிறவியில் செய்த பாவம், இப்பிறவியில் கண் போயிற்று" என்று தீர்ப்புரைத்துவிட்டுக் காசு போடும் கை, கல்லூரியில் இடம் தருமா? பாவியென்று பட்டம் சூட்டியவனுக்குப் பட்டப்படிப்பு எதற்கு என்றல்லவா அது கேட்கும்!

தேர்வு எதை அளக்கிறது? அதை முதலில் கேட்போம்.

கண்ணும் செவியும் இழந்த எலன் கெல்லர், 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். மேடைதோறும் அவர் பெயரை முழங்குவோர், அக்கல்லூரிக்குள் நுழைய அவர் எழுதிய தேர்வைப் பற்றிப் பேசுவதில்லை. 1899இல் நடந்த அத்தேர்வில், அவர் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக் கூட்டிப் பாடம் சொல்லிவந்த ஆசிரியை ஆன் சல்லிவனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வினாக்களைப் புள்ளியெழுத்தில் படியெடுத்துத் தர வேறொருவர் அமர்த்தப்பட்டார். இயற்கணிதக் குறியீடுகள் அமெரிக்க பிரெய்ல் முறையில் வந்தன. கெல்லர் பழகியிருந்ததோ ஆங்கிலேய முறை! தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் அவருக்கு அது தெரியவந்தது. கணக்குத் தெரியாமலா தடுமாறினார்? குறி தெரியாமல் தடுமாறினார். அப்படியும் தேறினார். தேறாமற் போயிருந்தால், "இயற்கணிதம் வராதவர்" என்று ஏட்டில் எழுதியிருப்பார்கள், உலகமும் நம்பியிருக்கும்.

ஒரே அளவுகோல் என்று நண்பர் கருதுவது கடிகாரத்தை. வினாத்தாளன்றோ அளவுகோல்? அது இருவருக்கும் ஒன்றே. திருத்தும் கையும் ஒன்றே. விரைவே திறனாகும் தேர்வுகளும் உண்டு. சுருக்கெழுத்துத் தேர்வு அத்தகையது. அங்கே நண்பரின் வாதத்துக்கு எடையுண்டு, மறுக்கவில்லை. ஆனால், சிலப்பதிகாரத்தை ஆய்வதற்கும் பொருளியல் கோட்பாடொன்றை விளக்குவதற்கும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு எதற்கு?

"தகுதி குறைந்துவிடும்" என்ற ஓலம் நமக்குப் புதிதன்று. 1928இல் வகுப்புரிமை ஆணை நடைமுறைக்கு வந்தபோதும் எழுந்தது. நீதிமன்றத்தில் அவ்வாணை வீழ்த்தப்பட்டு, 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தபோதும் எழுந்தது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாயிலை மிதிக்கவிடாதவர்களே, உள்ளே வந்தவனிடம் தகுதிச் சீட்டுக் கேட்டனர். இன்று சாய்தளம் கட்டாத கல்லூரி, சக்கர நாற்காலியில் வந்தவனைப் பார்த்து, "மாடிக்கு வா, உன் தகுதியைக் காட்டு" என்கிறது. (படிக்கட்டும் கால் உள்ளவனுக்குத் தந்த சலுகைதானே? மாடிக்குத் தாவியேற எவனுக்குத் தெரியும்?)

சட்டம் நம் பக்கம் வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதன் பெயரிலேயே உரிமை என்று சொல்லிவிட்டது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு நிதி பெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் தந்தது. எழுதத் தொடங்கினால் கை இறுகிக்கொள்ளும் நோயுள்ள ஒருவர், ஆட்சிப்பணித் தேர்வில் எழுத்தர் உதவி வேண்டும் என்று தொடுத்த வழக்கில், 40 விழுக்காட்டுக் குறைபாடு என்னும் வரம்பைக் காட்டி அவ்வுதவியை மறுக்கலாகாது என்று 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வில், எழுதுதிறன் குறைபாடுடைய மாணவி ஒருத்திக்குச் சேரவேண்டிய ஒரு மணி நேரம் தரப்படவில்லை. மற்றவர்களோடு சேர்த்து அவளது விடைத்தாளும் வாங்கப்பட்டது. இழைக்கப்பட்டது அநீதி என்று நவம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. மறுதேர்வுக்கு மட்டும் ஆணையிடவில்லை. தேர்வறைகளில் கண்காணிக்க நிற்பவர்கள் பலரும் என்னைப் போன்ற ஆசிரியர்களே. அன்று அந்தத் தாளை வாங்கிக்கொண்டவர் கொடியவராக இருந்திருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று நம்புகின்ற, நண்பரைப் போன்ற நல்லவராகவே இருந்திருக்கலாம்.