கேட்டது மழை, வந்தது புயல்

எங்கள் மருங்காபுரிக்குக் காவிரி எட்டாது. குளமும் கிணறும் வானத்தை நம்பித்தான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. எண்ணூறு அடி போர் போட்டும் புழுதிதான் கிளம்பியது. அம்மா மாரியாத்தாளிடம் மழை கேட்டாள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், மேற்கே நகர்ந்து எங்கள் பக்கமும் வந்தது. முருங்கையெல்லாம் சாய்ந்தது.

“கேட்டதைத்தானே ஆத்தா கொடுத்தா” என்றாள் அம்மா.

எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. கடல்சூட்டில் பிறந்த காற்று யாருடைய வேண்டுதலையும் அறியாது என்றே நம்புகிறேன். ஆனால் வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்ததால் அந்த மழையும் குளத்தில் தங்கவில்லையே, அதைத் தெய்வத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சாய்ந்த மரத்திலிருந்து போத்து வெட்டி, அம்மா அந்த ஈரத்திலேயே நட்டாள்.