கட்டுபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் ஒருவர்

புதிதாக வீடு கட்டுகிறவர் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் விதிக்கிறது. மாடியிலிருந்து எவரேனும் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மனித குலம் அறிந்த பழைமையான கட்டட விதிகளுள் இதுவும் ஒன்று. வீடு கட்டுகிறவருக்கே உரியது. அதன் மாடியும் அவருக்கே உரியது. ஆயினும் அந்த மாடியில் நாளை நடக்கப்போகிற, இன்னும் முகம் தெரியாத ஒருவரின் உயிருக்கு அவர் இன்றே பொறுப்பாளி ஆகிறார். செங்கல் அடுக்கப்படும் வேளையிலேயே அந்தப் பொறுப்பும் பிறந்துவிடுகிறது.

மாடியிலிருந்து விழுவது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. நம் காலத்துக் கட்டடங்களோ கண்ணுக்குத் தெரியாத வேறொரு தீங்கையும் செய்ய வல்லவை. வெயிலை உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும் கூரை, காற்றுக்கு வழிவிடாத அறை, பகலிலும் விளக்கெரிய வேண்டிய கூடம் ஆகியவை, அவற்றில் வாழ்வோரிடமிருந்து ஐம்பது, அறுபது ஆண்டுகள் மின்கட்டணமாக வரி வசூலிக்கின்றன. இந்த வரியை விதித்தவர் யார்? செலுத்துகிறவர் யார்? கட்டடங்களில் எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்த அரசுகள் வகுக்கும் திட்டங்களைப் பொறியாளர்களின் கணக்காக மட்டும் கருதி நாம் ஒதுங்கிவிடுகிறோம். இக்கேள்வியை முன்வைத்துப் பார்த்தால் அவை நீதியைப் பற்றிய திட்டங்கள் என்பது புலனாகும்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களுள் ஒன்று கரடியூர். இம்மலையின் தொல்குடிகளான மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வாழ்ந்த வீட்டை எண்ணிப் பார்ப்போம். மூங்கில் வரிச்சு, அதன்மேல் மண் பூச்சு, அதற்கும் மேல் புல் வேய்ந்த கூரை. தடித்த புற்கூரை பகலின் வெயிலைத் தடுத்தது. மார்கழிப் பனியிலும் அடுப்பின் கதகதப்பை உள்ளே காத்தது. அவ்வாழ்வில் குறைகள் இல்லாமல் இல்லை. கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும். தீப்பற்றும் அச்சம் உண்டு. அடுப்புப் புகை பெண்களின் கண்களையும் நுரையீரலையும் வருத்தியது. அந்த வறுமையைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் அவ்வீட்டைக் கட்டியவரும் அதில் வாழ்ந்தவரும் ஒருவரே. தவறாகக் கட்டியிருந்தால் குளிரில் நடுங்கப்போகிறவர் அவரே. ஆகவே கட்டும் கையும் அனுபவிக்கும் உடலும் ஒன்றையொன்று அறிந்திருந்தன.

இன்று அந்த உறவு அறுந்துவிட்டது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. ஏற்காடோ ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. காலநிலையில் இவ்வளவு வேறுபட்ட இரண்டு இடங்களிலும் ஒரே வகைக் காங்கிரீட் பெட்டிகள் எழும்புகின்றன. சமவெளியில் அப்பெட்டி சூளையாகிறது. மலையில் இரவு நேரத்தில் குளிர்ந்து விறைக்கிறது. அங்கே குளிர்சாதனக் கருவி தேவைப்படுகிறது. இங்கே வெந்நீர்க் கருவியும் அறையைச் சூடாக்கும் கருவியும் தேவைப்படுகின்றன. கோடைக்கு மலையேறி வருவோருக்காக எழும் விடுதிகளில், வெளியே இயற்கை இலவசமாகத் தரும் குளுமை இருக்க, கண்ணாடிச் சுவருக்குள் சூட்டை அடைத்துவைத்துப் பின்னர் மின்சாரத்தால் அதை விரட்டும் விந்தையும் நேரக்கூடும்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மாநிலத்தின் மின்தொகுப்பு பல வாய்க்கால்கள் வந்து சேரும் ஏரி போன்றது. ஒரு குறிப்பிட்ட வீட்டு விளக்கு எந்த நிலையத்தால் எரிகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் இம்மலைக்கு அண்மையில் உள்ள பெரிய அனல்மின் நிலையம் மேட்டூரில்தான் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை நிறுவப்பட்ட 210 மெகாவாட் அலகுகள் நான்கும், 2013இல் சேர்ந்த 600 மெகாவாட் அலகு ஒன்றும் அங்கே உள்ளன. ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரி கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, இரயிலேறி அவ்வூரை அடைகிறது. நாம் ஓர் அறையில் வீணாக்கும் குளிர்ச்சிக்குப் பின்னே சுரங்கத் தொழிலாளியின் உழைப்பு இருக்கிறது. வெட்டப்பட்ட நிலம் இருக்கிறது. சாம்பல் படியும் ஊர்களும் இருக்கின்றன. மாடியிலிருந்து விழுகிறவர் நம் வாசலிலேயே விழுந்தார். இவர்களோ நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் விழுகிறார்கள். பழி மட்டும் தொலைவால் குறைவதில்லை.

இனி, அரசு செய்திருப்பவற்றை நோக்குவோம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே, கட்டடங்கள் விழுங்கும் எரிசக்தியை மேலைநாடுகள் பலவும் கணக்கிடத் தொடங்கின. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2007இல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு வெளியாயிற்று. 2017இல் அது புதுப்பிக்கப்பட்டது. சுவர், கூரை, சாளரம், விளக்கு, குளிரூட்டல் ஆகியவற்றுக்கு அது அளவுகோல் வகுக்கிறது. 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கென 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு வந்தது. சுவரும் சாளரமும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம், கூரை எவ்வளவு விடலாம் என்பவற்றுக்கு அது வரம்பு கட்டியது. குடியிருப்புகளையும் சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவர 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது. இவற்றோடு, கருவிகளுக்கு நட்சத்திரக் குறியீடு, 2015இல் தொடங்கி 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.ஈ.டி. விளக்குகளை மலிவு விலையில் வழங்கிய உஜாலா திட்டம் என்று பல முயற்சிகள் நடந்துள்ளன.

இவை பாராட்டுக்குரியவை. ஆனால் சட்டம் பொதுவாக 100 கிலோவாட் இணைப்புச் சுமை உடைய பெரிய கட்டடங்களிலிருந்தே தொடங்குகிறது. மாநிலங்கள் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ள இடமுண்டு எனினும், சிற்றூரின் வீடும், சிறு விடுதியும், பங்கின் சமூகக்கூடமும் பெரும்பாலும் அந்த வாயிலுக்கு வெளியேதான் நிற்கின்றன. சட்டம் பேசாத இடத்தில் பேச வேண்டியது மனச்சான்று. அது பேசாவிட்டால் சட்டம் நீண்டும் பயனில்லை. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நாம் அறிவோம். மனமொப்பிச் செய்தவர்களின் கிணறுகளில் நீர் ஊறியது. சான்றிதழுக்காகத் தோண்டியவர்களின் குழிகளில் குப்பை நிரம்பியது. இருவருக்கும் சட்டம் ஒன்றே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டுமே உள்ள ஏழையிடம் போய்ச் சிக்கனம் பேசுவது நியாயமா?" என்பதே அது. நியாயமான ஐயந்தான். இல்லாதவரிடம் சிக்கனம் கேட்பது பசித்தவரிடம் நோன்பு கேட்பதற்கு ஒப்பாகும். சிக்கனக் கடன் மிகுதியாகச் செலவிடுகிறவரையே முதலில் சேரும். ஆனால் எரிசக்தித் திறன் என்பது நோன்பைக் குறிப்பதன்று. ஒரே மாவில் மிகுதியான அப்பம் சுடும் கைத்திறனையே குறிக்கிறது. 60 வாட் குண்டு விளக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் செலவாகும். அதன் இடத்தில் 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு எரிந்தால் 3 யூனிட்டுக்கும் குறைவு. பழைய 75 வாட் மின்விசிறிக்கு மாற்றாக 30 வாட் விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால், இரண்டு மாதத்தில் மிஞ்சுவது 32 யூனிட். அதே வெளிச்சம், அதே காற்று. மிஞ்சுவது பிள்ளைகளின் பாடநூலுக்கு.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 1865இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ், நீராவி எந்திரங்களின் திறன் கூடக்கூட நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகவே செய்கிறது என்று சுட்டிக்காட்டினார். மலிவாகும் பொருளை மனிதர் மிகுதியாக நுகர்வர். நட்சத்திரக் குறியீடு உள்ள குளிர்சாதனக் கருவியை வாங்கிய நிறைவில், வீட்டின் மூன்று அறைகளிலும் அதைப் பொருத்துகிறவர் எதைச் சேமித்தார்? கருவியின் திறனை அரசு கூட்டலாம். 'எனக்கு இது போதும்' என்னும் சொல்லை எந்தப் பணியகமும் நமக்குப் பதிலாகச் சொல்ல இயலாது.

அரசுக்கும் நாம் ஒரு சொல் கூற வேண்டும். ஏழைக்கு வீடு கட்டிக்கொடுக்கும்போது அரசே கட்டுகிறவராகிறது. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பும் கடமை அதற்கும் உண்டு. 2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளி விளக்குகளும் தரப்பட்டன. அது ஒரு நல்ல தொடக்கம். 2024இல் குடிசையற்ற தமிழ்நாட்டை இலக்காக வைத்துக் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் அறிவிக்கப்பட்டது. புற்கூரை போய் உறுதியான கூரை வருவது மனித மாண்பிற்கு ஏற்றதே. ஆனால் விளக்கைப் பற்றி எண்ணுகிற அளவுக்குக் கூரையின் வெப்பத்தைப் பற்றியும் எண்ண வேண்டும். கரடியூர் போன்ற மலைச் சிற்றூரின் குளிரையும், சேலத்து வெயிலையும் வேறுபடுத்தி அறியும் வரைபடம் வேண்டும். கொடுக்கப்பட்ட வீடு வாழ்நாள் முழுவதும் மின்கட்டணத்தால் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகிவிடக் கூடாது. வீட்டைப் பெறுகிறவரைக் கட்டும் வேளையிலேயே கலந்து பேசினால், அவருடைய முன்னோர் அறிந்திருந்த பலவற்றைப் பொறியாளரும் அறிந்துகொள்வார்.

வாடகை வீடுகளைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. உரிமையாளர் மலிவான கூரைத்தகடு போட்டு மிச்சம் பிடிக்கிறார். குடியிருப்பவர் அதன் கீழ் வேகிறார். உரிமையாளருக்கு அது ஒருமுறை வந்த இலாபம். குடியிருப்பவருக்கு மாதந்தோறும் வரும் இழப்பு. வாடகை ஒப்பந்தத்தில் இது எங்கும் எழுதப்படுவதில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலின் 180ஆம் பத்தி, எரிசக்தியைக் குறைவாகச் செலவிடும் வகையில் கட்டடங்களைக் கட்டவும் சீர்செய்யவும் அரசுகள் ஊக்கமளிக்க வேண்டும் என்கிறது. 55ஆம் பத்தி, குளிர்சாதனக் கருவிகளின் பெருக்கத்தைக் கட்டுக்கடங்கா நுகர்வின் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. அவருக்கு முன்னரே, திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் காலத்தில், 2008இல் வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரையில் ஏறத்தாழ 2400 சூரிய ஒளித்தகடுகள் பொருத்தப்பட்டன. நம் பங்குகளில் என்ன நடக்கிறது? உயர்ந்த கூரையும், தடித்த சுவரும், மேலே காற்றுப்போக்கிகளும் கொண்ட பழைய ஆலயங்களில் நூறாண்டுகளாக மின்விசிறி இன்றியும் மக்கள் செபித்தனர். அவற்றை இடித்துவிட்டுத் தாழ்ந்த கூரையும் மூடிய சாளரமும் கொண்ட மண்டபங்களை நாம் எழுப்பினால், அதற்கான மின்கட்டணம் கூலித் தொழிலாளியின் உண்டியல் காசிலிருந்தே செலுத்தப்படும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. புதுவீடு கட்டுவோர் மேற்குச் சுவரில் நிழல் விழ ஏற்பாடு செய்யலாம். எதிரெதிர்ச் சாளரங்கள் வைத்துக் காற்றுக்கு வழிவிடலாம். சமவெளியில் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம், தட்டோடு பதிக்கலாம். மலையில் காற்றும் குளிரும் புகும் இடுக்குகளை அடைத்து, காலை வெயிலுக்கு வாசல் வைக்கலாம். வாடகைக்கு விடுவோர் கூரைக்கு முதலில் செலவிடலாம். பங்குப் பேரவை புதுக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்க்கும்போது, 'கட்ட எவ்வளவு ஆகும்?' என்ற கேள்வியோடு 'நடத்த எவ்வளவு ஆகும், அதை யார் தருவார்?' என்ற கேள்வியையும் எழுப்பலாம்.

பழைய விதி கேட்டது ஒரு சிறு சுவரைத்தான். அச்சுவரால் வீட்டுக்காரருக்கு வருமானம் ஏதும் இல்லை. வீட்டின் அழகும் கூடவில்லை. யாரும் விழாமல் இருந்ததே அதன் பயன். விழாதவர் எவரும் வந்து நன்றி சொல்வதுமில்லை. கட்டடத்தில் நாம் காட்டும் சிக்கனமும் அத்தகையதே. நமக்குப் பின் அவ்வீட்டில் குடியேறுகிறவர் கோடை இரவில் நிம்மதியாக உறங்குவார். ஏன் உறங்குகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்த உறக்கத்தை மனத்தில் கொண்டு நாம் முதற்கல்லை வைப்போம்.