விசாவா, வாக்கா?

கலியாணம் முடிந்ததும் கணவன் லண்டன் திரும்பிவிட்டான். மனைவி யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருக்கிறாள். 2024 ஏப்ரலில் பிரித்தானியா, துணையை அழைப்பவருக்கு வேண்டிய ஆண்டு வருமானத்தை 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்த்தியது. அவன் இரண்டாவது வேலைக்கும் போகிறான்.

குடிபெயர்ந்த தொழிலாளரின் குடும்பம் விரைவில் ஒன்றுசேர உரிமையுண்டென 1983இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் பட்டயம் கூறுகிறது. ஆயினும் அவளை அதிகம் வருத்துவது சட்டமன்று, "இன்னும் விசா வரேல்லையோ?" என்று கோயில் வாசலில் நாம் கேட்கும் கேள்வியே.

அவளை மனைவியாக்கியது பலிபீடத்தின்முன் கொடுத்த வாக்கல்லவா? ராக்கேலுக்காக யாக்கோபு உழைத்த ஏழாண்டுகளும் அன்பின் ஆண்டுகளே. இனி அவளைக் கண்டால் விசாவைப்பற்றிக் கேளாதீர்கள். கணவனின் சுகத்தை விசாரியுங்கள்.