விரல் பிரியும் நேரம்

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை. பெண்கள் ஜூடோ 70 கிலோ அரையிறுதியில் ஜப்பானின் சிசுரு அராயும் ரஷ்ய வீராங்கனை மதீனா தைமாசோவாவும் மோதினார்கள். ஆட்ட நேரம் 4 நிமிடம்தான். அது சமனில் முடிய, கூடுதல் நேரம் நீண்டுகொண்டே போய் மொத்தம் 16 நிமிடங்களைத் தாண்டியது.

அவ்வளவு நேரமும் ஓயாமல் உழைத்தவை விரல்கள். எதிராளியின் கழுத்துப்பட்டையையும் சட்டைக்கையையும் பற்றினால்தான் தூக்கி எறிய வழி பிறக்கும். தடித்த பருத்தித் துணி. அவர் உதறுவார், இவர் மறுபடி பிடிப்பார். விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. விடாமல் இறுகும்போது அவை தம் ரத்தக் குழாய்களையே நெரிக்கின்றன. ஆக்சிஜன் குறைகிறது, முன்கை கல்லாய்க் கனக்கிறது, மனம் ‘பிடி’ என்றாலும் விரல் பிரிகிறது. பிடி வலிமையை அளக்கும் கருவியில் ஒருவர் ஒரே அழுத்தில் எத்தனை கிலோ காட்டுகிறார் என்பதைவிட, அன்றைய கடைசி ஆட்டத்தில் அதில் எவ்வளவு மிச்சம் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. பயிற்சியில் ஜூடோ அங்கியைக் கம்பியில் போட்டு, அதைப் பிடித்துத் தொங்குவது இதற்காகத்தான்.

அந்த அரையிறுதியில் அராய் கழுத்து நெரிப்புப் பிடியில் வென்றார். பிறகு தங்கமும் பெற்றார். அந்தப் பிடியில் மயங்கிய தைமாசோவா, கண் வீங்கிய நிலையில் அன்றே மீண்டும் களமிறங்கி, குரோஷியாவின் பார்பரா மாதிச்சைத் தோற்கடித்து வெண்கலம் வென்றார். அந்த வெண்கலத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.