பகிடியும் வதையும்

பகிடி என்றால் வேடிக்கை. வதை என்றால் துன்புறுத்தல். இவ்விரண்டையும் ஒட்டிப் ‘பகிடிவதை’ என்றொரு சொல்லை ஈழத்துத் தமிழ் ஆக்கிக்கொண்டுள்ளது. செய்பவனுக்கு அது பகிடி, படுபவனுக்கோ வதை. எனில், நடந்தது எது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இவ்விருவருள் யாருக்கு உண்டு?

கண்டி நகருக்கு அணித்தே, மகாவலிக் கரையில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு இக்கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. 1975இல் இராமநாதன் விடுதியில், பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த ரூபா ரத்னசீலி என்ற மாணவி உடல் செயலிழந்தார். 2002இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1997இல் பொறியியற் பீடத்துப் புதுமுக மாணவர் வரப்பிரகாஷ், மூத்த மாணவர்களின் வற்புறுத்தலாற் செய்த கடும் உடற்பயிற்சியினால் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். கொடுமை இனம் பார்ப்பதில்லை. அடுத்த ஆண்டிலேயே பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் கொடுமை நின்றபாடில்லை.

ஏன்? அதற்கு ஒரு நியாயம் கற்பிக்கப்படுகிறது. அந்த நியாயம் நமது மொழியிலேயே பேசுகிறது என்பதுதான் வேதனை. செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே உடை உடுத்து, ஒரே ஏச்சைக் கேட்டு, சமமாகின்றனராம். வர்க்க ஆணவம் அழிகிறதாம்! முற்போக்காளர் எனப்படும் நம்மிற் சிலரும் இதற்குத் தலையசைத்திருக்கிறோம்.

சமத்துவம் என்பது எவரும் எவர் முன்னும் முழந்தாளிடாத நிலை. புதியவர் அனைவரையும் முழந்தாளிடச் செய்யும் இடத்தில், அவர்களுக்கு எதிரே ஒருவன் நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கிறான். அங்கே பழைய வர்க்கம் அழியவில்லை. ஓராண்டு மூப்பு ஒரு புதிய சாதியாகிவிடுகிறது. அன்றியும், இத்துன்பம் எல்லோர்மீதும் சமமாக விழுவதுமில்லை. வசதி படைத்தவன் வேறு நாட்டுக்குச் சென்று படிக்கலாம். கூலியாளின் மகளுக்கு, 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி ஒன்றே ஏணி. அந்த ஏணியின் அடியிற் காவலிருந்து கண்ணீரை வரியாகப் பெறுவதைப் புரட்சி என்பதா?

இந்நோய் பல்கலைக்கழக வாயிலிற் பிறப்பதன்று. நமது வகுப்பறைகளில் விதையூன்றி வளர்ந்தே அங்கு சென்று சேர்கிறது. தோட்டப் பகுதியிலிருந்து வந்து ஆறாம் வகுப்பிற் சேர்ந்த சிறுவன் ஒருவனை நாம் அறிவோம். 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிரை மலையெங்கும் பரப்பிய கைகளின் வழித்தோன்றல் அவன். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை மறுத்ததும் அக்கைகளுக்கே. இடாப்பில் அவன் பெயரைக் கூப்பிட்டால், அவன் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ‘தோட்டக்காட்டான்’ என்ற குரல் எழும். வகுப்புச் சிரிக்கும். ‘பிள்ளைகளின் விளையாட்டுத்தானே’ என்று நாமும் அடுத்த பெயருக்குச் சென்றோம்.

ஐந்தாண்டுகள் கழிந்தன. மாணவ தலைவர் சின்னம் அணிந்த அதே பையன், கட்டடத்தின் பின்புறம் ஒரு சிறுவனைக் கைகளை உயர்த்தியபடி வெயிலில் நிறுத்தி வைத்திருக்கக் கண்டோம். ஏன் என்று கேட்டோம்.

“சும்மா பகிடிக்கு, சேர்” என்றான்.

அந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்தது யார்? சிரித்த வகுப்பு மட்டுமா? அடுத்த பெயருக்குச் சென்ற நாமும் அல்லவா? வதைபட்டவன் இரக்கம் கற்பான் என்று நம்புவது பேதைமை. மேலே இருப்பவன் வதைக்கலாம், கீழே இருப்பவன் பொறுக்க வேண்டும், காலம் வந்தால் தானும் மேலே போகலாம் என்பதையே அவன் கற்கிறான். சுரண்டும் சமுதாயம் தன் குடிமக்களிடம் எதிர்பார்ப்பதும் இதே பாடத்தைத்தான். பிரம்பைக் கையில் ஏந்தியபடி ‘அடிக்காதே’ என்று போதிக்கும் ஆசிரியனும் இதையே வேறு வகையிற் கற்பிக்கிறான்.

ஆகவே, தீர்ப்புச் சொல்லும் உரிமை பட்டவனுக்கே உரியது. வகுப்பிற் சிரிப்பு எழும்போது யார் சிரிக்கவில்லை என்று பார்ப்பது ஆசிரியனின் முதற் கடமை. சட்டம் குற்றம் நடந்த பின்னரே வரும். நாமோ நாள்தோறும் காலையில் வகுப்பறையில் இருக்கிறோம். இடாப்பில் ஒரு பெயரைக் கூப்பிட்டால், அந்தப் பிள்ளை அச்சமின்றிப் பதில் சொல்லும்வரை அடுத்த பெயருக்குச் செல்லாதிருப்போம்.