மூன்று நாள் தவணை



எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த மனிதனை நீங்கள் அறிவீர்கள். குருவும் லேவியனும் விலகிப் போனார்கள், சமாரியன் நின்றான். தனிவழியே ஏன் வந்தாய் என்று அவன் விசாரிக்கவில்லை. முதலில் காயத்தைக் கட்டினான்.

செங்கற்பட்டுச் சுற்றுப்புறத்து ஆலைகளிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள விடுதிகளிலும், தாய் தகப்பனை விட்டு வந்து பாடுபடுகிற பெண்மக்கள் அநேகர். இவர்களில் ஒருத்தி பலாத்காரத்துக்கு இரையானால், நின்று காயம் கட்டுகிறவர் யார்?

அவளுக்குக் கொடுக்கப்பட வேண்டிய உதவிகளில் ஒன்று அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அடங்கிய இந்த மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நலமாக, உட்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2005-ல் டாக்டர் சீட்டில்லாமல் விற்க இது அனுமதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் அநேக மருந்துக் கடைகளில் கிடைக்கும் பதில் "இல்லை" என்பதே. கருக்கலைப்பு மருந்து என்று இதை மயங்கி எண்ணுவோர் பலர். அது வேறு, இது வேறு. இது சினைமுட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. உண்டாகிவிட்ட கர்ப்பத்தைக் கலைக்காது. முட்டை வெளிப்பட்ட பிறகு இதனால் பயனுமில்லை.

திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்லுகிறது? 6-ம் சின்னப்பர் பாப்பரசர் 1968 ஜூலை 25-ந் தேதியிட்ட நிருபத்தில், தம்பதிகள் செயற்கைக் கருத்தடையை விலக்க வேண்டுமென்றும், தக்க காரணமிருந்தால் பெண்ணின் இயற்கையான காலங்களை அனுசரிக்கலாமென்றும் போதித்தார். அந்தப் போதனை மெய்விவாகத்தின் அன்பைப் பற்றியது. பலாத்காரமோ அன்பல்ல, தாக்குதல். காங்கோ நாட்டுக் கலகத்தில் ஆபத்துக்குள்ளான கன்னியாஸ்திரீகளைக் குறித்து 1961-ல் ரோமாபுரியில் வேதசாஸ்திரிகள் மூவர், தற்காப்பாகக் கருத்தரியாமல் காத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 2013-ல் ஜெர்மனி தேசத்து மேற்றிராணிமாரும், பலாத்காரத்துக்குள்ளான பெண்ணுக்குக் கருவை அழிக்காமல் கருத்தரிப்பை மாத்திரம் தடுக்கும் மருந்தைக் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகள் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள்.

ஆகையால் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். முதலாவது, அந்தப் பெண்ணைத் தாமதமின்றிச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரிக்கோ அழைத்துச் செல்லுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 397-ம் பிரிவின்படி, அரசாங்க ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாய்ச் சிகிச்சை தர வேண்டும். முதலில் போலீஸ் காகிதம் கொண்டுவா என்று திருப்பியனுப்பக் கூடாது. இரண்டாவது, கூடுமானால் குளியாமலும் உடுப்பைத் துவையாமலும் செல்வது சாட்சிக்கு உதவும். குளித்துவிட்டாலும் போகத் தயங்க வேண்டாம். மூன்றாவது, எச்.ஐ.வி. நோயைத் தடுக்கும் மருந்தையும் அதே 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடை மாத்திரை நோயைத் தடுக்காது. மாத்திரை உட்கொண்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் மறுபடியும் உட்கொள்ள வேண்டும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதனை அவசியம். வழி தெரியாதவர்கள் 181 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம்; சிறுபிள்ளைகளுக்கு 1098.

தாய்மாரே! உங்கள் மகள் அழுதுகொண்டு வந்தால், ஊர் என்ன சொல்லும் என்று கதவைச் சாத்தி மூன்று நாளைக் கழித்துவிடாதீர்கள். மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரரே! உங்களிடம் மருந்து இல்லையென்றால், எங்கே கிடைக்கும் என்றாவது தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ஏளனப் பார்வை பார்க்க உங்களுக்கு உரிமையில்லை.

மகளே, உனக்கும் ஒரு வார்த்தை. வயல்வெளியில் பலவந்தம் செய்யப்பட்ட பெண்ணின்மேல் குற்றமில்லை என்று மோயீசனின் நியாயப்பிரமாணமே தீர்த்திருக்கிறது. அவள் கூப்பிட்டாள், காப்பாற்ற அங்கே ஒருவருமில்லை. நீ கூப்பிடும்போது இந்தப் பங்கில் காது கேட்கிறவர்கள் இருக்கும்படி சர்வேசுரன் அருள்வாராக. ஆமென்.